பஞ்சு சாரின் மகள்

"சார், ஒரு டவுட்."

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. பஞ்சு சார் திரும்பிப் பார்த்தார். அவருடைய மகள். கல்லூரிக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே வண்டியில் வரும்போது சொல்லி வைத்திருந்தார். அவளும் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வாய் தவறவில்லை. போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகக் காட்ட வேண்டிய புரோகிராம். திரையிலோ ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒரே எண் மதகு உடைந்ததுபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. முதலாமாண்டில் பாதிப் பேர் விழுகிற குழிதான். லூப் என்று திரும்பத் திரும்ப ஓடும் கட்டளையை எழுதிவிடுவார்கள், உள்ளே எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் வரியை மறந்துவிடுவார்கள். எண் கூடாவிட்டால் எப்படிப் பத்தைத் தொடும்? கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிற ஜடம். நிறுத்தச் சொல்ல ஆளில்லாவிட்டால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

"பதறாதேம்மா. இப்போ நீதான் கம்ப்யூட்டர்னு வச்சுக்கோ. முதல் தடவை உள்ளே வர்றே. உன் கையில என்ன நம்பர் இருக்கு?"

"ஒண்ணு, சார்."

"சரி, அதைக் காட்டிட்டே. மறுபடி மேலே போறே. இப்போ கையில என்ன இருக்கு?"

அவள் விரல் திரையில் வரி வரியாக மேலேறி இறங்கியது. "ஒண்ணுதான் சார்… அய்யோ, நான் அதை மாத்தவே இல்லையே!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலித் தோழி சிரித்தாள். ஒரு வரி சேர்த்ததும் எண்கள் பத்தோடு சமர்த்தாக நின்றன. "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். இதே கணக்கைத்தான் முந்தின நாள் மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அங்கே இந்தப் பொறுமை எங்கே போயிருந்ததோ. "இதுகூடத் தெரியலைன்னா உன்னையெல்லாம் எதுக்குப் படிக்க வைக்கணும்" என்று கத்தி, பேனாவை விட்டெறிந்தார். அது சுவரில் பட்டுத் தெறித்தது. அவள் மேசைக்கடியில் குனிந்து பேனாவைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பஞ்சு சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவரைச் சீண்டுவதற்காகவே ஒரே சந்தேகத்தை ஐந்து பேர் மாற்றி மாற்றிக் கேட்ட வருடங்கள் உண்டு. ஐந்தாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிக்கொடுத்தார். எதை எறிந்தாலும் பஞ்சில் சத்தம் வராது என்று பெயர் வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. கடைத்தெருவில், ரயில் நிலையத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது ஒருவர் ஓடி வந்து, "சார், ஞாபகம் இருக்கா? நீங்க இல்லன்னா நான் ஃபர்ஸ்ட் இயர்லயே ஓடியிருப்பேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். மகள் சிறுமியாக இருந்தபோது அந்தச் சமயங்களில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரை ஓட்டியபடியே, பின்னால் இருந்தவளிடம் கேட்டார்.

"நேத்தும் இதையேதானே சொன்னேன்? அப்போ ஏறாதது இன்னைக்கு மட்டும் எப்படி ஏறுச்சு?"

காற்றில் கேட்கவில்லை போலும் என்று நினைத்தார். சிக்னலில் வண்டி நின்றதும் பதில் வந்தது.

"நேத்து அப்பா சொன்னீங்க. இன்னைக்கு சார் சொன்னாரு."

கிண்டலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதன் பிறகு அவள் வீட்டில் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து லேபில் கை தூக்கினாள். "சார், இந்த ஆரேங்கிற லிஸ்ட்ல எங்கேர்ந்து எண்ண ஆரம்பிக்கணும்?" "சார், ரெண்டு சமக்குறி எப்போ போடணும்?" அவர் பதில் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த முகம் மூடிக்கொள்ளும். தன் மேல் தானே பொறாமைப்படுகிற மனிதன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் அவள் திருதிருவென்று விழித்திருக்கிறாள். அந்தப் பாடம் எடுக்கிறவர் நல்ல மனிதர்தான், வாய்தான் நீளம். ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே, "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சு சாரும் சிரித்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அன்று வீட்டில் மகளோடு பேசவே இல்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை முடித்துக் களைத்து வந்த மனைவி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பஞ்சு, பெத்த பிள்ளைக்கு மட்டும் பாறாங்கல்லா?" என்று கேட்டாள். அவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் பருவத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்த வந்தன. ஒரு பட்டியலில் இருக்கும் எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கப் புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார். மகளும் தோழியும் சேர்ந்து படித்தவர்கள், ஆகவே சேர்ந்தே தவறியிருந்தார்கள். இதுவரை கண்ட பெரிய எண் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு தொடங்கிவிட்டார்கள். பட்டியலில் எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் விடை தப்பாகிவிடும். தோழியின் தாளில் அந்த இடத்தைச் சுழித்து, 'யோசனை சரி, தொடக்கம் தவறு' என்று எழுதி இரண்டு மதிப்பெண் மட்டும் குறைத்தார். மகளின் தாள் வந்ததும் பேனா தானாக அழுந்தியது. எனக்கு மகளாகப் பிறந்துவிட்டு இதுகூடவா தெரியாது? பஞ்சு சார் மகளுக்கு அள்ளிப் போட்டுவிட்டார் என்று நாளைக்கு ஒருத்தன் பேச வேண்டுமா? குறுக்காக ஒரு கோடு. பூஜ்யம். கூட்டிப் பார்த்தபோது அவள் தேர்ச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். தாளைக் கட்டுக்குள் செருகிவிட்டு, நேர்மையாக நடந்துகொண்ட திருப்தியை மனசுக்குள் தேடினார். அகப்படவில்லை.

தாள்களைக் கொடுத்த அன்று பிற்பகல் தோழி தனியாக ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவ பண்ணின அதே தப்பைத்தான் நானும் பண்ணியிருக்கேன். எனக்கு மார்க் போட்டிருக்கீங்க. அவளுக்கும் போடுங்க, இல்ல எனக்கும் குறைச்சிடுங்க சார். அவ பக்கத்துல உட்காரவே கூசுது."

"அவ உன்னை அனுப்பினாளா?"

"அய்யோ, இல்ல சார். நான் வந்தது தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

"சரிம்மா, பார்க்கிறேன்" என்றார். பின்னால் எலெக்ட்ரானிக்ஸ்காரரின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் நிமிர்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கிறேன் என்று சொன்னவர் பார்க்கவில்லை. நாளைக்குத் திருத்திவிடலாம் என்று நினைப்பார். மறுநாள் யாராவது அறையில் இருப்பார்கள். தப்பு என் பக்கம்தான் என்று மகளிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார்; அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிய அந்தச் சொல் கடைசியில் திரும்பியே போனது. மதிப்பெண்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பலகையில் ஒட்டப்பட்டன. தோற்றவர்கள் வரிசையில் அவள் பெயரைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் துறைத் தலைவி கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"உங்க பொண்ணு வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லிக் கேட்கிறா. உங்களுக்குத் தெரியுமா?"

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. "என்ன காரணம் சொன்னா மேடம்?"

"அதான் எனக்கும் புரியலை. 'சார் ரொம்ப நல்லா நடத்துவாரு, ஒரு குறையும் இல்ல மேடம்'னு சொல்றா. அப்புறம் ஏம்மா போறேன்னா, தரையைப் பார்த்துட்டு நிக்கிறா. நான் மாத்திக் கொடுத்துட்டேன். உங்க பழைய ஸ்டூடண்ட், இப்போ இங்க லெக்சரரா இருக்கிற அந்தத் தம்பி செக்‌ஷன்லதான் போட்டிருக்கேன்."

அன்று அவள் வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் வந்தாள். கதவைத் திறந்து விட்டவர் வழியை விட்டு விலகாமல் நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினாள். அழுதிருக்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே அழுது முடித்தவள்போல இருந்தாள்.

"சாரை நம்பித்தான்பா அங்க உட்கார்ந்திருந்தேன். பேப்பர்ல கோடு போட்டது அப்பா. இனிமே அந்த அப்பாவும் அங்க வந்துடுவாரு. அதான்."

அந்த இடத்தில் அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது, "உன் இஷ்டம்" என்பதுதான். அவள் தலையாட்டிவிட்டு, அவர் தோளில் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனாள்.

மனைவி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் அறைக் கதவு சாத்திய பிறகு, மடிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"இந்தப் படிப்பை அவ ஏன் எடுத்தான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"வாத்தியார் பிள்ளைங்களுக்கு அங்க சீட்டு ஈசியா கிடைக்கும்…"

"சீட்டு! சின்ன வயசுல ரோட்ல யாராவது உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உருகுவாங்களே, அதைப் பார்த்துட்டு வந்து என்கிட்ட கேப்பா. 'அந்த சார் நம்ம வீட்டுக்கு எப்பம்மா வருவாரு'ன்னு. விளையாட்டுக்குக் கேட்கிறான்னு நினைச்சேன். அந்த சார்கிட்டப் படிக்கணும்னுதாங்க சேர்ந்தா."

அவர் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தார். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்ட எத்தனை எட்டு வைக்க வேண்டியிருக்கும்? அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு விளக்கைப் போடாமலே போனாள்.

பிறகு வந்த மாதங்களில் வீடு பழையபடி ஓடியது. சாப்பிட வாங்கப்பா, சாவி எங்கப்பா, குடை எடுத்துக்கிட்டீங்களா என்று மகள் பேசினாள். பிரியமாகவே பேசினாள். கல்லூரியைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. அவள் எப்படிப் படிக்கிறாள், மறுதேர்வுக்குத் தயாரா என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எந்த ஆளுக்கு, அப்பாவுக்கா சாருக்கா என்று அவருக்கே குழம்பியது. வகுப்பில் தோழிக்குப் பக்கத்து நாற்காலியில் வேறொரு பையன் வந்து உட்கார்ந்தான். தோழி கை தூக்குவதை விட்டுவிட்டாள்.

ஒரு மதிய இடைவேளையில் புரொஜெக்டர் கம்பி ஒன்றை எடுக்க அடுத்த செக்‌ஷன் அறைக்குள் போனார். ஆள் இல்லை, பைகள் மட்டும் மேசைகள்மேல் கிடந்தன. கம்பியைச் சுருட்டிக்கொண்டு திரும்பியவர் பலகையைப் பார்த்ததும் நின்றார். வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அந்தக் குண்டு எழுத்து யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் புரோகிராம். வீட்டில் எறும்பு ஊர்வதுபோலச் சின்னதாக எழுதுகிறவள், இங்கே பலகை முழுக்கப் பரப்பி எழுதியிருந்தாள். ஒரு இடத்தில் அடித்து மாற்றியிருந்தாள், ஓரத்தில் யாரோ சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கடைசியில் ஒன்றைத் தவிர. கூட்டி முடித்த பிறகு வகுக்க வேண்டியதை லூப்புக்குள்ளேயே வகுத்துவிட்டாள். ஒரு வரியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். அந்த இளம் வாத்தியார் கவனிக்கவில்லையோ, அல்லது சாப்பிட்டுவிட்டு வந்து அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாரோ.

மார்க்கர் எப்போது கைக்கு வந்தது, மூடியை எப்போது திறந்தார் என்று தெரியவில்லை. அம்புக்குறி போட வேண்டிய இடத்துக்கு நேராக அதன் முனை நின்றிருந்தது. வராந்தாவில் கும்பலாகப் பேச்சுச் சத்தம் நெருங்கியது. நடுவில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகளின் சிரிப்புதான். கம்பிச் சுருளை மார்போடு அணைத்தபடி, மை வாடையும் வெள்ளைப் பலகையின் பளபளப்பும் முகத்துக்கு நேரே இருக்க, அவர் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.