வேர் விட்ட மலர்வளையம்

பதினெட்டு வயது முடிந்து வளர்ப்பு வீட்டிலிருந்து வெளியே வந்த மூன்றாம் நாள், வேலைக்குச் சேர்ந்த பூக்கடையில் அவள் கையால் எடுத்து வாளியில் வைத்த நாற்பது வெட்டு ரோஜாக்களும் மதியத்துக்குள் வேர் விட்டன. வெள்ளை வேர், நூல் கனம், சாண் நீளம். பூக்கடைக்காரர் ஒரு ரோஜாவைப் பிடித்துத் தூக்கினார். மற்ற முப்பத்தொன்பதும் வாளியும் கூடவே வந்தன. மகரந்தம் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர், இருபது வருஷமாகத் தும்மிக்கொண்டேதான் வியாபாரம் செய்கிறார். அன்றைக்கும் நாலு தும்மல் போட்டுவிட்டு, வருகிறவர்கள் பூவைத்தான் கேட்பார்கள், தோட்டத்தைக் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி, ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தார். கையுறை போட்டுத் தொட்டால் பூக்கள் பூக்களாகவே இருந்தன. விஷயம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு வேலையும் நிலைத்தது, வேர்க்காரி என்ற பெயரும் நிலைத்தது.

அதுவரை அவள் ஆறு வீடுகளில் வளர்ந்திருந்தாள். பெற்றவர்கள் யாரென்று தெரியாததால், இரண்டு வயதிலிருந்து அரசாங்கம் அவளை வீடு வீடாகக் கொடுத்து வைத்தது. எந்த வீட்டிலும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தாமரை இலைத் தண்ணீர் என்பார்கள். அதில் இலையின் தப்பு எவ்வளவு, தண்ணீரின் தப்பு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. மூன்றாம் வீடு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள், பிள்ளை இல்லை. எட்டு வயதில் போனவளிடம், ஐந்தாம் மாதம் அந்த வீட்டம்மா, என்னை அம்மா என்றே கூப்பிடேன் என்றாள். டிரைவர் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்து சைக்கிள் பழக்கினார். பிறகு, எல்லோரும் நம்பிக்கையை விட்டிருந்த வேளையில், அந்த அம்மாளுக்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பத்து வயதுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது டிரைவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் அவள் அடுத்த மூன்று வீடுகளுக்கும் கூடவே கொண்டுபோனாள்.

இப்போது அவளுக்கென்று ஒரு அறை இருந்தது. கீழே லேத் பட்டறை, மேலே அவள். பட்டறை ஓடும்போது கட்டிலும் கூடவே நடுங்கும். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஆளில்லை. முதல் வாரம் அது சுதந்திரமாக இருந்தது. மூன்றாம் வாரம் அதற்கு வேறு பெயர் வந்துவிட்டது. வேலை முடிந்து திரும்பினால் மறுநாள் காலை வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராது. ஞாயிற்றுக்கிழமைகளில், குரல் இருக்கிறதா என்று பார்க்க, சோப்பு உறையில் அச்சடித்திருப்பதைச் சத்தமாகப் படிப்பாள்.

விற்காமல் வாடிய பூக்களைக் குப்பையில் போடச் சொல்வார் கடைக்காரர். அவள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, டம்ளரிலும் குவளையிலும் பழைய ஷூவிலும் நட்டு வைத்தாள். எல்லாம் பிழைத்தன. சாமந்தி ஜன்னலை மூடியது. லில்லி அலமாரிக்குள் இருக்கப் பிடித்துப்போய் அங்கேயே பூத்தது. அன்றன்றைய கதையை அவற்றிடம் சொல்லத் தொடங்கினாள்: யார் வந்தார்கள், யார் பேரம் பேசினார்கள், கடைக்காரர் எத்தனை தும்மினார். ஒரு வருஷத்தில் வேர்கள் தளத்தைத் துளைத்துக்கொண்டு பட்டறைக் கூரையில் இறங்கின. அவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினாள். பட்டறைக்காரர் அவற்றில் ஒன்றில் சட்டையை மாட்டிவிட்டு, நீளமாக இருக்கிறது, சௌகரியம்தான் என்றார். அன்று முதல் அவள் படியேறும்போது அவர் தலையசைப்பார். வாரத்துக்கு ஆறு தலையசைப்பு. அது வந்த பிறகு அவளுக்கு ஓரளவு தூக்கம் வந்தது.

இரண்டாம் வருஷம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், மூன்றாம் வீட்டம்மா கடைக்குள் வந்தாள். குடையை மடக்கத் தெரியாமல் தடுமாறினாள். முடி பாதி நரைத்திருந்தது. வேர்க்காரிக்கு உடனே தெரிந்துவிட்டது, வந்தவளுக்குத் தெரியவில்லை.

“வாங்கம்மா, என்ன வேணும்?”

கடைக்கு வருகிற எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அதனால் அது எந்த அம்மா என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

“வீட்டுக்காரர் போயிட்டார். மலர்வளையம் ஒண்ணு வேணும்” என்றாள் அவள். ரிப்பனில் எழுத வேண்டிய பெயரை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். வேர்க்காரி அதைப் பிரிக்காமலேயே எழுதினாள்.

பின்கட்டுக்குப் போய் வளையத்தை எடுத்து, முதல் வரிசை சாமந்தியைக் கையுறையோடுதான் கட்டினாள். குழாய் ஓடும் சத்தம் காதுக்குள் கேட்டது. இவருக்கு இது போதும் என்று நினைத்தாள். அப்புறம், சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்த செருப்புச் சத்தமும் கேட்டது. அதை இத்தனை வருஷமாக அவள் கேட்டதே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டியதை எல்லாம் அவிழ்த்து, முதலிலிருந்து வெறுங்கையால் கட்டினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார், தும்மினார், திரும்பிப் போய்விட்டார்.

இடுகாட்டில் வைத்த மூன்றாம் நாள் வளையம் மண்ணைப் பிடித்தது. இரண்டு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து வட்டமாகப் பூத்துக் குலுங்கியது. இங்கே எதையும் நடக்கூடாது என்பது விதி என்று காவலாளி அதைப் பிடுங்கப் பார்த்தார். மண்மேடே அசைந்தது. விவரமான மனிதர், கையை எடுத்துவிட்டார். செய்தி கேட்டு மூன்றாம் வீட்டம்மா மறுபடியும் கடைக்கு வந்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நீதானா?”

“ஆமா.”

“அன்னைக்கு அவர் உள்ள உட்கார்ந்து அழுதார். சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டிருந்தார். உன்னை அனுப்பிடலாம்னு சொன்னது நான்தான். ராத்திரி அவர் சாப்பிடல. நான் சாப்பிட்டேன். மன்னிச்சிடுன்னு கேக்க வரல. யார் சொன்னதுன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றாள்.

வேர்க்காரி ஒரு தண்டின் இலைகளை உருவி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்த குழாயை யாரோ நிறுத்தியது போல் காது மட்டும் திடீரென்று ஓய்ந்தது.

“தண்ணி ஊத்தறீங்களா அதுக்கு?”

“இல்லையே.”

“வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தணும். நீங்க புதன்கிழமை ஊத்துங்க. ஞாயித்துக்கிழமை நான் ஊத்தறேன்.”

அப்படியே நடந்தது. இருவரும் அங்கே சந்தித்துக்கொண்டதில்லை. சந்திக்க வேண்டும் என்று இருவருமே சொன்னதில்லை. புதன்கிழமை வருகிறவள் வாளியை நிரப்பி வைத்துவிட்டுப் போவாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் அதைத்தான் ஊற்றுவாள். பின்பு தானும் நிரப்பி வைப்பாள். வேர்க்காரி இன்னமும் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் சோப்பு உறை படிப்பது நின்றுவிட்டது. செடி வருஷத்துக்கு ஒரு அடி அகலமாகிறது. காவலாளி ஒவ்வொரு வருஷமும் கயிறு பிடித்து அளந்து, நடைபாதையை ஒரு அடி தள்ளிப் போடுகிறார். இடம் நிறைய இருக்கிறது என்கிறார்.