கேஷியர்: மதி கே

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கடையின் பெயர் நெய்தல் சூப்பர் மார்க்கெட். யாரும் அப்படிச் சொன்னதில்லை. பலகையில் நீல மீன் ஒன்று இருந்ததால் மீன் போட்ட கடை. உள்ளே மீன் கிடையாது.

என் மனைவி மதி அங்கே ஆறு வருடம் கேஷியர். போன ஆடியில் வேலை முடிந்து வரும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஏறியது. இரண்டாம் மாதம் கடை கைமாறியது. பலகை ஊதாவானது, பெயர் நெக்ஸ்டோ ஆனது. ஐந்து கல்லாவில் நான்கைப் பிடுங்கிவிட்டு, வாங்குகிறவரே பில் போட்டுக்கொள்ளும் மிஷின்கள் நான்கு வைத்தார்கள்.

விபத்து வழக்குக்கு வக்கீல் ஜாபர் ஒரே ஒரு காகிதம் கேட்டார். மதி அங்கே வேலை செய்தாள் என்று கடையின் கடிதம். சம்பளம் கவரில்தான் வந்தது. கழுத்தில் கிடந்த அடையாள அட்டை சாலையோடு போய்விட்டது. கடிதம் கிடைக்காவிட்டால் மனுவில் இல்லத்தரசி என்று போட்டுவிடலாம் என்றார். லாரிக்காரர் தரப்பு போலீஸுக்குக் கொடுத்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அதுல இன்னாப்பா கொறச்சல்? என் சம்சாரம்கூட இல்லத்தரசிதான்."

"மதி இல்ல சார்."

ஐந்து முறை கடைக்குப் போனேன். புது மேனேஜர் திலீப் ஐந்து முறையும் ஒரே பதில் சொன்னான்.

"பழைய ஸ்டாஃப் டேட்டா எங்களுக்கு வரல சார். மதின்னு சிஸ்டத்துல யாருமே இல்ல."

ஆறாம் முறை அவன் சாப்பிடப் போயிருந்தான். காத்திருக்கும் நேரத்தில் ரவையும் சோப்பும் எடுத்துக்கொண்டு மிஷின் வரிசையில் நின்றேன். மதிக்குப் பக்கத்துக் கல்லாவில் இருந்த ராமசெல்விதான் இப்போது ஊதா டீ-ஷர்ட்டில் நான்கு மிஷின்களையும் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு முன்னால் ஒரு கிழவி, ஒரே பருப்புப் பொட்டலத்தை மூன்றாம் முறையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நானே எடுக்கணும், நானே பில்லு போடணும், நானே பையில கட்டணும். அப்போ நீ இன்னாத்துக்கும்மே நின்னுகினு கீற?"

"உன் அயகப் பாக்கத்தான் ஆயா. குடு இங்க."

என் பில் வந்தது. கடைசி வரிக்கு மேலே இருந்தது. கேஷியர்: மதி கே.

ராமசெல்வியிடம் நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மிஷினுக்கு ஒரு கேஷியர் நம்பரு கேட்டாங்கண்ணா. எங்க நம்பர்லாம் ஓடிகினு இருந்திச்சி. அவுளுது சும்மா கெடந்திச்சி."

"நாலு மிஷினுக்குமா?"

"நாலுக்கும்."

எட்டு மாதமாக மதி, காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை, நான்கு இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். வார விடுமுறை இல்லை.

"கோர்ட்ல வந்து சொல்லுவியா?"

"அஞ்சு பேர்ல நான் ஒருத்திதாண்ணா மிச்சம்" என்றாள்.

பில்லைப் போட்டோ எடுத்து ஜாபருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"போட்டோவ அவங்க வக்கீல் ஒரே வார்த்தைல ஒடச்சிடுவான். ஒரிஜினல பத்திரமா வையி. நாளைக்கு எடுத்துகினு வா."

அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. சாப்பிட்டு வந்த திலீப்பின் மேஜைமேல் பில்லை வைத்தேன்.

"சிஸ்டத்துல இல்லன்னீங்களே."

இரண்டு முறை படித்தான். போனை எடுத்தான். "மச்சி, மிஷின்ல பழைய கேஷியர் பேர் வருது. மாத்திவிடு." இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "சாரி சார், சரி பண்ணியாச்சு" என்றான். உண்மையாகவே எனக்கு உதவியதாக நினைத்தான்.

ஒரு தீப்பெட்டி வாங்கிப் பார்த்தேன். கேஷியர்: எஸ் 2.

மதியின் அப்பா கோதண்டம் என்னோடுதான் இருக்கிறார். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். எழுத்துத் தெரியாது. ரவை வாங்கிய பில்லைக் கொடுத்ததும் மகள் பேர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்தார். விரலுக்கடியில் வரியே மறைந்தது.

"இம்மாஞ் சின்னதாவா போடுவானுங்க?"

"இது ஒண்ணுதான் இருக்கு மாமா. கசங்கக் கூடாது. தண்ணி படக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் மணலியில் காலை ஷிஃப்ட். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி உட்கார்ந்திருந்தார். வக்கீல் வீட்டுக்கு அவரும் வருகிறாராம். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இனிமே கசங்காது. கடல்ல வுய்ந்தாக்கூட ஒண்ணும் ஆவாது."

லேமினேஷன். நான்கு மூலையும் வளைத்து வெட்டியிருந்தது. உள்ளே தாள் முழுக்கக் கறுப்பு.

"ஜெராக்ஸ் கடைல மிஷின்ல வுட்டதும் இப்டி ஆயிட்ச்சி மாப்ள. சூடு ஆறினா எய்த்து தெரியும்னான். இன்னும் ஆறல போல."

அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும். எழுத்து மட்டும் சூடு பட்டால் எழுத்து. முழுக்கப் பட்டால் முழுக்க. நான் பி.எஸ்ஸி. வேதியியல். மணலியில் எனக்கு லேபில்தான் வேலை. தண்ணீரைச் சொன்னேன், சூட்டைச் சொல்லவில்லை.

"தெரியுமா மாப்ள?"

"தெரியும் மாமா. நேரம் ஆகும். நீங்க வூட்லயே இருங்க."

தனியாகத்தான் போனேன். ஜாபர் என் கையைப் பார்த்தார். கை காலியாக இருந்தது. ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பெயர், வயது, கணவர் பெயர். தொழில் என்ற இடத்தில் டைப் அடித்து முடித்திருந்தது.

"எங்க சார் கையெழுத்து?"

"மூணு பக்கத்துலயும் கீழ."

மூன்றிலும் போட்டேன்.

வீடு திரும்பியபோது மாமா சட்டையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அந்தக் கறுப்பு அட்டையை வைத்திருந்தார். அது பறந்துவிடாதபடி ஒரு விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.