கழுத்தில் தொங்கிய பென் டிரைவ்

எங்கள் வீட்டில் எதையும் முதலில் தொட வேண்டியவர் மாமாதான். மாமா என்றால் என் மாமனார். புது மிக்ஸி வந்தால் முதல் சுற்று அவர் சுற்றுவார். குழாய் மாற்றினால் முதல் தண்ணீரில் அவர் கை நனைய வேண்டும். அதுவரை நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். ஆபீசில் அதிகாரியாக இருந்த மனுஷன், ஓய்வு பெற்றதும் திறந்துவைக்க வேறொன்றும் கிடைக்காமல் வீட்டையே தினம் தினம் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கூத்துதான் என் குடியைக் கெடுத்தது.

கூடத்து மேசையில் ஒரு கம்ப்யூட்டர். வீட்டுக்கே அது ஒன்றுதான். காலையில் மாமா அதில் பேப்பர் படிப்பார், சாயங்காலம் என் வீட்டுக்காரர் மேட்ச் ஸ்கோர் பார்ப்பார். மத்தியானம் மாமா குறட்டை விடும் நேரம் மட்டும் எனக்கு. அந்த நேரத்தில் நான் படம் வரைந்தேன். குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு அம்மா, மழைக்குப் பயப்படும் வாத்துக்குஞ்சு ஒன்றின் கதையைக் கொடுத்து, அதற்கான படம் முழுவதையும் என்னையே வரையச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை எல்லாப் படமும் அவர் கைக்குப் போக வேண்டும். போனால் அட்டையில் என் பெயர் வரும், அடுத்த புத்தகமும் எனக்கே. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து "அவளைக் கூப்பிடு" என்பதுதான் என் பெயர். அட்டையில் என் நிஜப் பெயர் வரப்போகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்து தொலைத்தது.

திரை முழுக்கக் கண்ட கண்ட விளம்பரம். வழுக்கைக்குத் தைலம், "உங்களுக்காகவே" என்று கொட்டை எழுத்தில். மாமா தலையைத் தடவிக்கொண்டே மூடப் பார்க்கிறார், ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கிறது. நான் சமையலறையிலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"எல்லாம் உன் பொண்டாட்டி வேலை. படம் போடறேன் படம் போடறேன்னு எந்தச் சாக்கடையில எல்லாம் கையை விடறாளோ!" என்றார் மகனிடம். என்னிடம் அவர் நேராகப் பேசுவதே கிடையாது. எல்லாம் மகன் வழியாகத்தான் வரும்.

"விடுங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி "நீயும் விடு" என்றார். மனசுக்குள் இவருக்கு நான் வைத்திருக்கும் பெயரே விடு.

சரிசெய்ய வந்த பையனுக்கு எங்கள் வீட்டில் சூயிங்கம் என்று பெயர். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பான். வேலை சுத்தம். உட்கார்ந்து நோண்டி நோண்டி, "போயிடுச்சு சார்" என்றான். உடனே திறப்பு விழா. மாமா கழுத்தில் நாடா போட்டுத் தொங்கும் பென் டிரைவைக் கழற்றி, துண்டால் துடைத்து, கம்ப்யூட்டரில் செருகினார்.

அந்தப் பென் டிரைவில் இருந்தது அவருடைய சுயசரிதை. 'ஒரு நேர்மையாளனின் நெடும்பயணம்.' தெருமுனை டைப்பிங் கடையில் போய் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அங்கே ஒரு பெண் அடிப்பாள். அடித்து முடித்ததும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதைத் தன் கண்ணெதிரே அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிரிண்ட் எடுக்க மாட்டார், கண்டவன் படிப்பானாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற மாட்டார், நான் படிப்பேனாம். அட, அதைப் படிக்கத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்!

சூயிங்கம் போன கொஞ்ச நாளில் வைரஸ் திரும்ப வந்தது. திரும்ப அவன் வந்தான், திரும்பத் திறப்பு விழா, திரும்ப வைரஸ். மாமா முதலில் இன்டர்நெட்டைப் பிடுங்கினார். "வர்ற வழியை அடைச்சாச்சு." பிறகு, நான் எதையும் செருகக்கூடாது என்று மகன் வழியாக உத்தரவு வந்தது. அதனால் என் படங்களை வேறு எதிலும் ஏற்றிவைக்க வழியில்லை. அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. போகட்டும், முடிந்ததும் பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அனுப்பிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டால் என் ஃபோல்டரைக் காணோம். சூயிங்கத்துக்கு போன் போட்டேன். ஓடி வந்தான்.

"அழாதீங்கக்கா. போகல. எல்லாம் உள்ளதான் இருக்கு. இந்த வைரஸ் எதையும் தின்னாது, மறைச்சு வைக்கும், அவ்வளவுதான்."

கறுப்பாக ஒரு கட்டத்தைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தான். என் ஃபோல்டர் வந்துவிட்டது. உள்ளே வாத்துக்குஞ்சு வாழையிலையைப் பிடித்தபடி நின்றிருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் வைரஸ் மறுபடி மறைத்துவிடும் என்றான், அதனால் அந்த வரியை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன்.

"நாளைக்கு என் டிஸ்க்கைக் கொண்டாந்து உங்க படத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்துடறேன். அப்புறம்தான் பெட்டியில கை வைப்பேன்" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, இது நெட்டுல வரல. யாரோ வெளியில போட்டு எடுத்துட்டு வந்து செருகுறாங்க. டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடை, அந்த மாதிரி."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இத்தனை நாள் திருடி மாதிரி நிற்கவைத்தார்களே!

ராத்திரி சாப்பாட்டுக்கு நாத்தனாரும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான் வீடு, அடுப்பு மட்டும் எங்கள் வீட்டில். அந்த மாப்பிள்ளை முன்னால் மாமா இருமக்கூட மாட்டார், அவ்வளவு மரியாதை. அவர் முன்னால்தான் நான் போட்டு உடைத்தேன்.

"வைரஸ் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாச்சு. மாமா கழுத்துல தொங்குதே, அதுலேர்ந்துதான். டைப்பிங் கடையில ஏத்திட்டு வந்து நம்ம வீட்ல இறக்கிட்டு இருக்காரு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "என்ன மாமா, நீங்கதான் அந்தக் கிருமியா?" என்றார். நாத்தனாருக்குப் புரையேறியது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துகொண்டார். "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? விட்டிருக்கலாம்ல?" என்றார் விடு.

மறுநாள் விடிந்ததும் மகன் வழியாக உத்தரவு வந்தது. அத்தையை, அதாவது என் மாமியாரை, நான் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அத்தைக்கே தூக்கிவாரிப்போட்டது. கண்ணில் நீர் வடிகிறது என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், கேட்க நாதியில்லை. இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்? எனக்கும் உறைக்கவில்லை. கூட்டம் அலைமோதிய அந்த ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு, நாங்கள் வீடு திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது.

கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு நீல வானம். ஒரு ஃபோல்டர் இல்லை. நான் உட்கார்ந்து அந்த வரியை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் நின்றுகொண்டு, "என்னடி, என்னடி ஆச்சு?" என்று காற்றைத் துழாவினார்.

சூயிங்கத்துக்கு போன் போட்டேன்.

"அக்கா... உங்க படத்தையெல்லாம் நீங்க எடுத்துட்டீங்கன்னு சார் சொன்னாரே! அக்கா வர்ற வரைக்கும் இருக்கேன்னுகூடச் சொன்னேன். உள்ள ஒண்ணுமில்ல, எனக்குத் தெரியும், அடியோட அழின்னாரு. மேலோட்டமா வேண்டாம், எதுவும் மிச்சம் இருக்கக்கூடாதுன்னு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாருக்கா."

மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் போய் நேராக முன்னால் நின்றேன். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக நேராக என்னிடம் பேசினார்.

"திறந்து பார்த்தேன். ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? வெறும் வாத்துப் படம். திரும்ப வரைஞ்சுக்கோ. கை இருக்குல்ல?"

புத்தகம் போடும் அந்த அம்மாவிடம் போனில் கெஞ்சினேன். அவர் குரல் கெட்டியாக இருந்தது. அச்சகத்தில் நாள் குறித்தாயிற்றாம், கையில் இன்னொருத்தர் வரைந்தது தயாராக இருக்கிறதாம், வருத்தமாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். "அந்த வார்த்தையைச் சொன்னீங்க, தொலைச்சுடுவேன்" என்றேன். எழுந்து போய்விட்டார். நான் அழுதேன், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார், அவருக்கு மாமா புது அத்தியாயம் வாசித்துக் காட்டப்போகிறார். வாங்க வேண்டியதை வாங்க என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் அடுப்பில் நின்றேன். கூடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

"அம்மாடி!"

யாரை என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

திரையில் சிவப்பாக ஒரு பெட்டி. சூயிங்கம் புதிதாக ஒரு காவல்காரனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பென் டிரைவில் வைரஸ் இருந்தது, பிடித்துக் கொன்றுவிட்டேன் என்று அது பெருமையடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அந்த வைரஸ்தான் பென் டிரைவில் இருந்த கோப்புகளை மறைத்துவைத்து, வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டி, இவர் தட்டும்போதெல்லாம் திறந்தும் விட்டுக்கொண்டிருந்தது. இப்போது திறந்துவிட ஆள் இல்லை.

"திறக்க மாட்டேங்குதும்மா. ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது. போயிடுச்சா?" நெற்றியில் வியர்வை வழிந்தது.

ஒரு வரி. அடித்தால் பிறந்தது முதல் ஓய்வு பெற்றது வரை அத்தனையும் வந்து நிற்கும். என் விரல் நுனியில் இருந்தது அது.

"ஒண்ணும் தெரியலையே மாமா" என்றேன்.

"அந்தப் பையனைக் கூப்பிட்டா எடுத்துடுவானா?"

"கூப்பிடலாம். மாப்பிள்ளை இருக்கும்போதே வந்துடுவான். வந்து, வைரஸ் உங்க பென் டிரைவ்லேர்ந்துதான் வந்துச்சுன்னு இந்தச் சிவப்புப் பெட்டியையும் காட்டுவான். கூப்பிடட்டுமா?"

அவர் வாசலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கையிலிருந்த நாடாவை முறுக்கினார்.

"வேண்டாம்" என்றார். "இதை... மாப்பிள்ளை பார்க்காத மாதிரி பண்ண முடியுமா?"

"சுத்தம் பண்ணிடலாம் மாமா. அடியோட." பென் டிரைவை அழிக்கும் கட்டத்தைத் திறந்து வைத்தேன். மேலோட்டமாக என்று இருந்த இடத்தில் டிக்கை எடுத்தேன். "எல்லாம் அழிஞ்சிடும், சரியான்னு கேக்குது."

"உள்ள எதுவும் இல்லையே?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணுமில்லைன்னு." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்களே அழுத்துங்க மாமா. நம்ம வீட்ல எதுவா இருந்தாலும் பெரியவங்க கைதானே முதல்ல படணும்?"

அழுத்தினார். பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. கோடு நின்றதும் கறுப்புக் கட்டத்தைத் திறந்து அந்த வரியை அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"இது என்னம்மா?"

"மறைஞ்சிருக்கறதை வெளியில கொண்டுவர்ற வரி மாமா. கொஞ்சம் முன்னாடி அடிச்சிருந்தா உங்க வாழ்க்கை மொத்தமும் வந்திருக்கும். எல்லாம் உள்ளதான் இருந்துச்சு. என் வாத்துக்குஞ்சு இருந்த மாதிரியே."

நாடா தரையில் விழுந்து கிடந்தது. வாசலில் மணி அடித்தது.

"எழுந்திருங்க மாமா, மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு நான் கதவைத் திறக்கப் போனேன்.