ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம்

இருபத்தைந்து வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் எவரும் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான். ஏதாவது வேலை செய்யவில்லை என்று யார் வந்து சொன்னாலும், "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட வேண்டும். பழி முதலில் அவர்கள் பக்கம் போய்விடும். அதற்குள் நாம் யோசித்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் நிலக்ஷி போனை நீட்டிக்கொண்டு அறைக்குள் வந்தபோதும் நான் அதைத்தான் கேட்டேன்.

டிக்கோயாவில் வீடு கட்டி வந்து ஐந்து வருடமாகிறது. கொழும்புக் கம்பனிக்கு இங்கிருந்தே வேலை. வேலை நேரத்தில் அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதை நான் ஒருவன்தான் மதிக்கிறேன். நிலக்ஷி ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். அவள் படிக்கிற காலத்தில் ஒன்பது மணிக்கு வைஃபை தானாக நின்றுவிடும்படி ஒரு புரோகிராம் எழுதி வைத்தேன். மூன்றாம் நாளே அதைத் தாண்டிவிட்டாள். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்க வெட்கம். என் மனைவி ஷிராணி பாடசாலையில் ஆசிரியை. ஊருக்கெல்லாம் பூட்டு செய்கிறவருக்குச் சொந்த வீட்டுக் கதவைச் சாத்தத் தெரியவில்லை என்று அவள் இதை ஆசிரியர் அறையில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

விஷயம் நிலக்ஷியுடையது அல்ல. அவளோடு ஹட்டனில் படித்த நிஷாந்தியுடையது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு பயிற்சி நிறுவனம் இருநூறு பேருக்கு இரண்டு வருடக் கணினிப் படிப்பு கொடுக்கிறது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. நிஷாந்தி மூன்று நாளாக முயற்சி செய்கிறாள், படிவம் அவளை ஏற்கவில்லை.

"என்ன பிழையா அடிச்சா?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் பிழையாக அடிக்கவில்லை, தானே பார்த்ததாகச் சொல்லி, நிஷாந்தி அனுப்பியிருந்த படத்தை என் மூக்குக்கு நேரே காட்டினாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: 'இந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் கிடைத்துள்ளது.'

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். மூன்று மொழியிலும் எழுதினேன். தமிழில் ஒற்றுப்பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சரிபார்த்தேன். பெரிய ஒழுங்கு!

உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசச் சொல்லு என்று மகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த இலக்கத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன், மறுபடி நடந்தேன். போன் கிணுங்கிக்கொண்டே இருந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ரோசாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்ல, நாற்பது பேர் அதற்குப் பதில் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சாதனங்களைச் செய்கிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்று நினைக்கவே எரிச்சலாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, உள்ளங்கால் வரைக்கும் குறுகுறுத்தது.

தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கமில்லை, தெருவுக்குப் பெயரில்லை. பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் போகும் ஊர், அவ்வளவுதான் முகவரி. நூற்றிருபது குடும்பத்துக்கும் அதே மூன்று வரி. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்காவது மனசு வந்தால், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வரும். இப்போது சில தோட்டங்களில் இலக்கம் கொடுக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம் என்று நான் எழுதிய விதிப்படி, ஒரு பிரிவில் முதலில் விண்ணப்பித்த பிள்ளையோடு அந்தப் பிரிவின் கதவு மூடிவிடும்.

மறந்துபோய் எழுதினேன் என்று சொல்லலாம். சொன்னால் நம்பவும் செய்வார்கள். ஆனால் நான் மறக்கவில்லை.

பத்து மாதத்துக்கு முன், இந்தப் படிவத்தைச் செய்யத் தொடங்கியபோது, கொழும்பு ஆபீசில் ஒரு மீட்டிங். முந்திய வருடம் ஏதோ ஒரு ஏஜன்ட் ஒரே விலாசத்திலிருந்து முப்பது போலி விண்ணப்பம் போட்டுவிட்டானாம், அதைத் தடுக்க வேண்டும் என்று பயிற்சி நிறுவனத்துப் பெண்மணி சொன்னார். ஒரு முகவரிக்கு ஒன்று என்று வைத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. என் மேலதிகாரி பிரதாப் வெள்ளவத்தைப் பையன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அவன்தான் கேட்டான், ஒரே முகவரியில் பல குடும்பம் இருக்கிற இடம் ஏதும் இருக்குமா என்று. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அந்த அறையில் ஹட்டன்காரன் நான் ஒருவன்தான்.

"அப்படி இல்லை," என்றேன்.

ஏன் சொன்னேன்? இருக்கிறது என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் ஏழு பேர் படுத்தோம் என்று சொல்ல வேண்டும். எனக்குக் கெம்பஸ் அனுமதிக் கடிதம் வந்தபோது அது தோட்டத்து ஆபீசில் பதினேழு நாள் கிடந்தது. பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. அப்பா பயந்துபோய் ஹட்டனில் தெரிந்த கடை முதலாளியிடம் கெஞ்சி, இனி மகனுக்கு வருகிற கடிதமெல்லாம் கடைக்கு வரட்டும் என்று ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து எல்லாப் படிவத்திலும் நான் ஹட்டன் மெயின் வீதிக்காரன். கம்பனியில் என் அப்பா கடை வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. திருத்தவுமில்லை. இருபத்தைந்து வருடமாகத் திருத்தவில்லை.

பதினொன்றரைக்குப் படிவத்தின் பதிவுகளுக்குள் புகுந்து பார்த்தேன். அந்த விதி இருநூற்றுப் பதினொரு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தது. முகவரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுப்பிரிவு. அக்கரப்பத்தனை, கொத்மலை, பதுளைப் பக்கம். போலி ஏஜன்ட் ஒருவன்கூட இல்லை, எல்லாம் எங்கள் பிள்ளைகள். சில பேர் ஆறு ஏழு தடவை முயன்றிருந்தார்கள்.

திருத்துவதற்கு ஒரே வரிதான். ஆனால் பிரதாப்பின் அனுமதி இல்லாமல் தொட முடியாது, அனுமதிக்குக் காரணம் எழுத வேண்டும். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அழித்தேன். 'எதிர்பாராத சூழல்' என்று எழுதி அழித்தேன். கடவுளே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! பிரதாப் பிற்பகல்வரை வேறு மீட்டிங்கில் இருக்கிறான் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு நிஷாந்தியே வந்துவிட்டாள். தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் இங்கிருந்து போட்டுப் பார்க்கலாமென்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு, சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையில் மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய லயத்தில் லோஜன் என்ற பையனுடைய விண்ணப்பம் மட்டும் போயிருக்கிறது. அவன் அட்ரசைத் திருடிவிட்டான் என்று நிஷாந்தியின் அம்மா அவன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு இல்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்களாம்.

நிலக்ஷி சட்டென்று ஒரு வழி சொன்னாள். நம்ம வீட்டு அட்ரசைப் போடு, இலக்கமிருக்கிறது, வீதியிருக்கிறது, உடனே எடுக்கும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு சொல்லும் சொல்லாமலே என் வித்தையை என் மகள் கற்றுக்கொண்டிருந்தாள்.

நிஷாந்தி தலையை ஆட்டினாள். கிராம சேவகர் கொடுத்த கடிதத்தில் தோட்டத்து முகவரிதான் இருக்கிறது, பிறகு ஒத்துவராது என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒத்துவந்தாலும் மாத்த மாட்டேன் அங்கிள். நாங்க அங்கதானே இருக்கோம்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை. அதில் வீம்பு இல்லை, வருத்தமும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. நான் அறைக்குள் போய்ப் பிரதாப்புக்குப் போன் எடுத்தேன். கதவைச் சாத்தவில்லை.

மீட்டிங்கிலிருந்து வெளியே வரச் சொன்னேன். விதி பிழை, இருநூற்றுப் பதினொரு பேர் வெளியே நிற்கிறார்கள், எல்லாரும் தோட்டப் பிள்ளைகள் என்றேன். தோட்டத்து முகவரி எப்படியிருக்கும் என்று விளக்கினேன்.

"அன்னைக்கு நான் இதத்தானே கேட்டேன் அண்ணா? இல்லைன்னு சொன்னீங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான் லயத்துல பொறந்தவன். சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இல்லைன்னு சொன்னேன்."

வெளியே கதிரை நகரும் சத்தம் கேட்டது.

பிரதாப் என்னைத் திட்டவில்லை. இதைப் பிறகு பேசுவோம், இப்போது திருத்துங்கள் என்றான். அந்தப் 'பிறகு' எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டே காலுக்கு அந்த வரியை எடுத்தேன். இரண்டரைக்கு நிஷாந்தியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பயிற்சி நிறுவனம் முடிவு நேரத்தை ஒரு நாள் தள்ளி, வெள்ளிக்கிழமை நான்கு மணி என்று வைத்தது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் முடியாது என்றார்கள். எல்லாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம், அது போதும் என்றான் பிரதாப்.

நிலக்ஷி கதவடியில் நின்றாள். நான் லயத்தில் பிறந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். கொழும்பு மீட்டிங்கில் 'இல்லை' என்று சொன்னவன் என்பது இப்போதுதான் தெரியும்.

"எஸ்எம்எஸ் யாரு அப்பா பாக்குறா?" என்றாள். "போன் ரீலோட் விளம்பரம்னு அழிச்சிருவாங்க. கோல் எடுங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. விண்ணப்பித்தவர்களின் இலக்கங்களை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது கம்பனிச் சட்டம். அதையும் நானே எழுதினேன், அதையும் நானே உடைத்தேன். பட்டியலை மூன்றாகப் பிரித்து, நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அரைவாசி இலக்கத்துக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் சிலர் லொத்தர் பரிசு ஏமாற்றுக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். நிஷாந்திதான் கெட்டிக்காரி. லயத்துப் பேச்சிலேயே ஆரம்பித்து, அம்மா பெயர், பிரிவு எல்லாம் விசாரித்து, ஒரு மணித்தியாலத்தில் பதினெட்டுப் பேரைப் பிடித்துவிட்டாள்.

என்னுடைய பதினான்காவது பெயர் தர்ஷிகா. அந்தப் பெயருக்கு எதிரே ஏழு முயற்சி என்று இருந்தது. ஒரு அம்மா எடுத்தார். ராக்காயி என்று சொன்னார். மலைக்காட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார் போலும், காற்றும் ஆட்கள் பேசும் சத்தமுமாக இருந்தது. விண்ணப்பம் இப்போது ஏற்கும், நாளை நான்கு மணிக்குள் தர்ஷிகா போட்டுவிட வேண்டும் என்று சொன்னேன்.

"அவ காமண்ட்ல தைக்கிற வேலைக்குப் போயிட்டாளுங்க. அது எடுக்கலைன்னதும் ரெண்டு நாளா அழுதுக்கிட்டே கெடந்தா. நேத்துக் காலையிலதான் பஸ் ஏத்திவிட்டோம்."

அவளுடைய போன் இலக்கத்தைத் தாருங்கள், நானே பேசுகிறேன் என்றேன்.

"வீட்டுக்கே இந்த ஒரு போன்தாங்க. எனக்கு வேணும்னு எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. ஞாயித்துக்கெழம யார்கிட்டயாச்சும் வாங்கிப் பேசுவா."

வேலைத்தலத்தின் பெயர் கேட்டேன். தெரியவில்லை. கூட்டிப்போனவருடைய பெயர் கேட்டேன். கட்டுநாயக்கப் பக்கம் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மறுபடி மறுபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏன் அன்றைக்கு எடுக்கவில்லை, பிள்ளை ஏதும் பிழையாக அடித்துவிட்டாளா, அதையே சொல்லித்தான் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள் என்றார்.

"புள்ள மேல பிழையில்லங்க," என்றேன். "பிழை என் மேலதான். அத எழுதினவன் நான்தான்."

அங்கே யாரோ கொழுந்து நிறுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் இதோ வாறேன் என்று அவர்களுக்குச் சொன்னார்.

"சரிங்க ஐயா. கூப்பிட்டுச் சொன்னீங்களே, நல்லாருப்பீங்க," என்றார் ராக்காயி. "ஞாயித்துக்கெழம எடுத்தா சொல்லிர்றேன், நீ சரியாத்தான் அடிச்சிருக்கன்னு."