எடுத்துவிடச் சொன்ன பக்கம்

மனுவின் மூன்றாம் பக்கத்தை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. லாயர் வைக்க வசதியில்லை. கையுறை ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்யும் மிஷெல், தன் விவாகரத்துக்குப் போட்ட மனுவின் நகலைக் கொடுத்தாள். அதைப் பார்த்து மலாயில் நானே எழுதினேன். திருமணம் ஏன் முறிந்தது என்ற இடத்தில் அவள் நாலே வரி எழுதியிருந்தாள். எனக்கு ஒரு முழுப் பக்கமும் போதவில்லை.

என் வீட்டுக்காரர் முனியாண்டி அதைப் படிக்கவில்லை. மலாய் பேசுவாரே தவிர வாசிக்க வராது. பிரிந்துவிடலாம் என்று நான் சொன்னபோது "உன் இஷ்டம்" என்றார். கையெழுத்துக் கேட்டேன், போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் எனக்குக் கொடுத்ததெல்லாம் இந்த "உன் இஷ்டம்"தான். உண்மையைச் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அத்தனை தாளையும் அடுப்பில் போட்டிருப்பேன்.

நாங்கள் இருக்கும் சிடாம் கிரியிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்துக்குப் போனோம். பிரியப் போகிறவர்கள் ஒரே மோட்டாரில் போகிற கூத்தை வேறெங்கே பார்க்க முடியும்!

கௌண்டரில் மனு வாங்கும் கிராணி சசிதரன் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் பக்கத்தை மட்டும் தனியே எடுத்தார்.

"இது வேணாம்மா. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போடுறதுலா இது, காரணம் தேவையில்ல. இதை எடுத்துட்டு, ரெண்டு பேரும் புதுசா கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

மிஷெல் கொடுத்தது, புருஷன் சேராமல் அவள் தனியாகப் போட்ட மனு; அதற்குத்தான் காரணம் வேண்டும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதம் அழுது எழுதியதை அரை நிமிஷத்தில் தேவையில்லை என்றுவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"அதுல என்னா எழுதுன?"

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். "ஒம்பது வருஷத்துக்கு முன்ன கர்ப்பப்பை எடுத்தப்ப ஆறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நீங்க ஒரு நாளும் வார்டுக்கு வரல. வீட்டுக்கு வந்த பொறவு பாத்ரூம்ல பைப்பைத் தொறந்துவிட்டுட்டு அழுவேன். இனிமே பிள்ளை இல்லைன்னு நாம ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல. என் கஷ்டம் எம் புருஷனுக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

அவர் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"கடைசில எழுதியிருக்கியே, தெரியாதுன்னு, அது மட்டும் தப்பு," என்றார். "ஆறு நாளும் வந்தேன். கீழ மோட்டார் நிறுத்துற எடத்துல உக்காந்திருந்தேன். மேல வந்து ஒன்கிட்ட என்னா பேசுறதுன்னு தெரியல. நீ அழுவுறதும் கேக்கும். தண்ணிச் சத்தத்துல அதெல்லாம் மறையாதுலா."

இப்போதாவது மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பு வாரைச் சரிசெய்தார்.

இவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஒன்பது வருஷம் இவரோடு இருந்தேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"போலாமா?" என்றேன்.

எழுந்தார். உள்ளே போய், மூன்றாம் பக்கம் இல்லாத மனுவில் கையெழுத்துப் போட, பேனாவை முதலில் நான்தான் எடுத்தேன்.