ஏழாம் நம்பர் பூட்டு

...இல்லை, கோபத்தைக் காட்டிவிடக் கூடாது, பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், அதுவும் சிரித்த முகமாக, சின்னக் கருத்து வேறுபாடு என்று... பதினாறு வருஷம் அவர்கள் செய்த பூட்டையெல்லாம் இழுத்தும் தட்டியும் சோதித்துக் கொடுத்த என்னை, காவலாளியைத் துணைக்கு விட்டு வாசல்வரை அனுப்பிவைத்தார்களே, அதற்குப் பெயர் கருத்து வேறுபாடு. நான் செய்த குற்றம் என்ன? புதிதாக வந்த ஏழாம் நம்பர் பூட்டில் ஸ்பிரிங் குட்டையாக இருக்கிறது, வளையத்தை இழுத்துப் பிடித்து இரண்டு தட்டு தட்டினால் சாவியே இல்லாமல் வாயைப் பிளக்கிறது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி, முதலாளி தும்மினால்கூட ஆமாம் என்று ஆடும் தலை, அது எனக்கு மட்டும் ஆடவில்லை. "இதையெல்லாம் உங்களை யாரும்மா எழுதச் சொன்னா? கடைக்குப் போன சரக்கு, இனிமே வாயைத் திறக்காதீங்க." பூட்டு திறக்கலாம், நான் திறக்கக் கூடாது. அடுத்த மாதம் என் நாற்காலியில் வேறு ஆள்.

போட்டிக் கம்பெனியின் இந்த வரவேற்பறையிலும் அதே எண்ணெய் வாசம், அதே பித்தளைத் தூள், மூச்சை இழுத்ததும் நெஞ்சு ஒரு நொடி நிம்மதியாகிறது, இந்த மூக்குக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது போலிருக்கிறது. எதிரே பெரிய இரும்பு அலமாரி, இவர்கள் பூட்டுத்தான், சாவி அதிலேயே தொங்குகிறது, பூட்டுக் கம்பெனியின் லட்சணம்! "பதினாறு வருஷமா யாரைத் திட்டினியோ அவங்ககிட்டயே போய் நிக்கப்போறியா?" என்று காலையில் வீட்டில் இவர் கேட்டார். வேறு எங்கே போய் நிற்பது? இந்த ஊரில் பூட்டுச் செய்வது இரண்டே கம்பெனி, மற்ற வேலைக்கு வயது கூடிவிட்டதாம், எட்டு மாதத்தில் நாலு இடத்தில் சொல்லிவிட்டார்கள். மகள் இன்னும் சாயங்காலமானால் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறாள். இவர் அதையும் கேட்பதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், புடவையைச் சரிசெய்து... சிரித்த முகம், சிரித்த முகம்...

மேசைக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் ஒருவர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து பூட்டிய பூட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார், ஏழாம் நம்பர்! "இது சாவி இல்லாமலே திறக்கும்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? எங்க, திறங்க பார்ப்போம். திறந்துட்டா திங்கக்கிழமையே வந்துடலாம்." ஆகா, இதற்குத்தானே காத்திருந்தேன், எட்டு மாதமாகப் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பூட்டை எத்தனை முறை திறந்திருப்பேன், தலையாட்டி இங்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இழுத்தேன், தட்டினேன். அசையவில்லை. மறுபடியும். மறுபடியும்... காது மடல் சுடுகிறது, கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டதா, அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். பூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தம் வேறு. கிணுகிணுப்பே இல்லை, உள்ளே ஸ்பிரிங் இறுக்கமாக, நீளமாக... அடியில் திருப்பிப் பார்த்தால் போன மாதத் தயாரிப்பு முத்திரை. மூன்று சுற்றுக் கூட்டிப் போட வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே, கூட்டிவிட்டார்கள். பாவிகள், என் மூன்று பக்கத்தையும் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுத் துரத்தினார்களா, துரத்திவிட்டுப் படித்தார்களா?

"முடியலையா மேடம்?" முடியும் சார், கடையில் தேங்கிக் கிடக்கிற பழைய பூட்டு ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள், கண் மூடித் திறப்பதற்குள் திறக்கிறேன்... நாக்கு நுனியில் நிற்கிறது, அதைச் சொன்னால் திங்கட்கிழமை வேலை, சாயங்காலம் மகளிடம் சொல்ல ஒரு பதில். சொல்லேன், சொல்லித் தொலையேன். "நல்ல பூட்டு சார் இது. யாராலயும் திறக்க முடியாது." என் குரல்தான். எனக்கு வயிறு எரிய வேண்டும், எரியவும் செய்கிறது, அப்புறம் இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்... நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பூட்டைக் கேட்டுக் கை நீட்டுகிறார். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.