கேப்டன் போடாத கீறல்

பயிற்சிப் பள்ளியின் இரட்டை இறக்கை விமானத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் பெரியம்மா. அதட்டுவாள், ஆனால் அடிக்கமாட்டாள் என்பது அவர்கள் சொன்ன காரணம். போர்க்காலத்தில் விமானப்படைக்கு ஆள் பழக்கியவள். பிறகு வயல்களுக்கு மருந்து தெளித்தாள். பள்ளிக்கு வந்தபின் வேலியில் மோதினாள், வைக்கோல் போரில் மூக்கைச் செருகினாள், ஒருமுறை நிர்வாகியின் கார் கூரையைச் சக்கரத்தால் தடவிவிட்டுப் போனாள். அவளை ஓட்டியவர்களில் கீறல் போடாதவர் ஒருவர்தான்: தலைமைப் பயிற்சியாளரான கேப்டன். அதை அவர் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்கவிட்டதும் இல்லை.

பெரியம்மாவை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்று முடிவானது. அங்கே கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கவிடுவார்கள். கீழே ஒரு பித்தளைப் பலகை. கேப்டனின் பெயர், ‘ஒரு கீறலும் விழாமல் இவ்விமானத்தை ஓட்டியவர்’ என்ற வரி. பலகை முன்னதாகவே தயாராகி அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. தினமும் துடைத்தார்.

“இப்படித் தேச்சா எழுத்தே போயிடும் அத்தான்,” என்றார் பள்ளியின் மெக்கானிக். கேப்டனின் மனைவிக்குத் தம்பி.

“பொறாமைடா உனக்கு. ஸ்கூட்டரையே உரசாம ஓட்டத் தெரியாது.”

“உரசினது உங்க ஸ்கூட்டர்தான். அக்கா இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?”

ஒப்படைப்பு நாளில் கேப்டன் கடைசியாக ஒரு சுற்று பறந்து இறங்குவதாகத் திட்டம். கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றச் சொல்லியிருந்தார். மெக்கானிக் முழுவதும் நிரப்பினார். “புகுந்த வீட்டுக்குப் போறவளை அரை வயித்தோடயா அனுப்பறது?”

பெரியம்மாவுக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, ஒருவர் இருக்கையில் உட்கார, இன்னொருவர் புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். கட்டை இல்லாமல் சுற்றாதே, உள்ளே ஆள் இல்லாமல் சுற்றாதே. இதைச் சொல்லாமல் கேப்டன் வகுப்பைத் தொடங்கியதில்லை. மறந்த மாணவர்களைக் கட்டையைத் தலையில் சுமந்து ஓடுதளத்தைச் சுற்றிவர வைத்திருக்கிறார்.

அன்று மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதே என்று, வேகம் கூட்டும் த்ராட்டிலையும் தாராளமாகத் திறந்து வைத்தார். எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஏறிக்கொள்வதாக இருந்த கேப்டன் புரொப்பல்லரில் கைவைத்தபோது, விழாவுக்கு வந்திருந்த புகைப்படக்காரர் தடுத்தார்.

“சார், கட்டை பார்க்க அசிங்கமா இருக்கு. உள்ள ஒரு தலை வேற தெரியுது. நீங்களும் விமானமும் மட்டும் நின்னா பலகைக்குப் பக்கத்துல மாட்டலாம்.”

பலகை என்ற சொல் வேலை செய்தது. “டேய், இறங்கு. கட்டையை எடு.”

“அத்தான், வேணாம்.”

“சும்மா போஸ்தான்டா. இவ என்னிக்கு முதல் சுத்துல கிளம்பியிருக்கா?”

மெக்கானிக் இறங்கினார். சுவிட்சை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை. கேப்டன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினார்.

பெரியம்மா முதல் சுற்றிலேயே கிளம்பினாள்.

கேப்டன் குப்புற விழுந்தார். சக்கரங்கள் இரு பக்கமும் அவரைத் தாண்டிப் போயின. தலை தூக்கியபோது அவள் வால் எழும்பியிருந்தது; சற்றைக்கெல்லாம் தரையை விட்டாள். அவ்வளவு சுத்தமான ஏற்றத்தை அந்தப் பள்ளி பார்த்ததில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள்.

“அருமை. யார் ஓட்டறது?” என்று கேட்டார் அருங்காட்சியக இயக்குநர்.

“யாரும் இல்லை சார்,” என்றார் மெக்கானிக்.

“அப்போ எப்போ இறங்கும்?”

கேப்டன் மைத்துனரைப் பார்த்தார். “எவ்வளவுடா ஊத்தின?”

“ஃபுல் டேங்க் அத்தான்.”

பெரிய பெரிய வட்டமாகச் சுற்றினாள். வாடகை நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப்போன பிறகும் சுற்றினாள். கடைசியில் எஞ்சின் அடங்கி, பக்கத்து ஏரியின் நடுவில் போய் இறங்கி மூழ்கினாள். சேற்றுக்குள் போனவளைத் தேடியும் பயனில்லை.

விசாரணைக்கு முதல் நாள் மெக்கானிக் வந்தார். “தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். உங்க பேர் கெட வேணாம்.”

கேப்டன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “வேணாம்டா. இறங்கச் சொன்னது நான்தான்,” என்றார்.

மறுநாள் அப்படியே சொன்னார். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “கவனக்குறைவுன்னு எழுதிக்கறேன். ஆனா நீங்க உள்ளே இல்லையே? ஓட்டாத விமானத்தை உங்க கணக்குல சேர்க்க விதி இல்லை. உங்க பறப்புப் பதிவு சுத்தமாவே இருக்கு.”

அருங்காட்சியகத்தில் கம்பிகள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. இயக்குநர் அவற்றில் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டி, கேப்டன் வீட்டிலிருந்து பலகையை வரவழைத்துக் கீழே பொருத்தினார். புகைப்படக்காரர் கேட்டபடியே படத்தில் கட்டை இல்லை, வேறு தலை இல்லை. குப்புறக் கிடக்கும் கேப்டனும், அவரைத் தாண்டிப் போகும் பெரியம்மாவும் மட்டும்.

பலகையை எடுத்துவிடச் சொல்லி கேப்டன் நேரில் போய்க் கேட்டார்.

இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

“இதுல எது சார் பொய்?”